வாடகை யாருக்குப் போகிறது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகக் குழுக்களால் நடத்தப்படும் சார்ட்டர் பள்ளிகளின் நிலம், கட்டட ஒப்பந்தங்களை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒஹையோவில் வசிக்கிறேன். என் மகள் படிப்பது அப்படி ஒரு பள்ளியில்தான், நன்றாகப் படிக்கிறாள். கட்டடம் யார் பெயரில் இருந்தால் என்ன? மற்ற அரசுப் பள்ளிகளில் மட்டும் பணம் வீணாகவில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் நன்றாகப் படிப்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. 1991இல் மினசோட்டா முதல் சார்ட்டர் சட்டத்தை இயற்றியபோது, புதிய முறையில் கற்பிக்க விரும்பியவர்களுக்கு இடம் கொடுப்பதே நோக்கமாக இருந்தது. அந்த நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கிய சட்டங்கள் கட்டடத்துக்குப் பெரும்பாலும் வழி செய்யவில்லை. அந்த இடைவெளியில், பள்ளியை நிர்வகிக்கும் நிறுவனமே தன் துணை நிறுவனத்தின் மூலம் கட்டடத்தைப் பிடித்து, தான் நடத்தும் பள்ளிக்கே வாடகைக்கு விடும் வழக்கம் வளர்ந்தது. வாடகை கேட்பவரும் அதைக் கொடுக்கலாம் என்று பள்ளிக்கு ஆலோசனை சொல்பவரும் ஒரே தரப்பாக இருக்கும்போது பள்ளிக்காகப் பேரம் பேச யார் இருக்கிறார்கள்?

மிசூரியின் கன்சாஸ் சிட்டியில் இமாஜின் ஸ்கூல்ஸ் நிறுவனம் இப்படித்தான் செய்தது. வாடகையில் தனக்குக் கிடைக்கும் ஆதாயத்தைப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு அது முறையாகத் தெரிவிக்கவில்லை என்று கண்ட கூட்டாட்சி நீதிபதி, ஏறத்தாழ 10 லட்சம் டாலரைத் திருப்பித் தரும்படி 2014இல் உத்தரவிட்டார்.

உங்கள் ஒஹையோவில் நடந்தது இதைவிட வேதனையானது. சார்ட்டர் பள்ளிகளை நிர்வகித்த ஒயிட் ஹேட் நிறுவனத்தோடு சில பள்ளிகள் போட்ட ஒப்பந்தப்படி, அந்தப் பள்ளிகளுக்கு வந்த அரசுப் பணத்தில் சுமார் 95 விழுக்காடு அந்த நிறுவனத்துக்குப் போனது. அந்தப் பணத்தில் வாங்கிய மேசைகளும் கணினிகளும் நிறுவனத்துக்கே சொந்தம். உறவை முறித்துக்கொண்டால் பள்ளி அவற்றை மறுபடியும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தம் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிய அதே மேசைக்கு மக்கள் இரண்டு முறை விலை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாவட்ட அரசுப் பள்ளிகளிலும் பணம் வீணாகிறது, உண்மைதான். ஆனால் அங்கே கணக்கைக் கேட்க மக்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு; பள்ளி மூடப்பட்டாலும் கட்டடம் பொதுச் சொத்தாகவே இருக்கும். கலிஃபோர்னியா 2019இல் இயற்றிய சட்டம், திறந்த கூட்டம், பொது ஆவணம், சுயலாபத் தடை ஆகிய விதிகள் சார்ட்டர் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று உறுதிசெய்தது. நான் கேட்பது அதற்கு ஒரு படி மேலே: நிர்வாக நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ பள்ளிக்கு வீட்டுக்காரராக இருக்கக் கூடாது, பொதுப் பணத்தில் வாங்கியது, பள்ளி மூடும் நாளில் பொதுமக்களிடமே திரும்ப வேண்டும். இதனால் நல்ல பள்ளிகள் இடமில்லாமல் தவிக்கும் என்பார்கள். அதற்கு, காலியாகக் கிடக்கும் மாவட்டக் கட்டடங்களை நியாயமான வாடகைக்குக் கொடுக்கலாம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கட்டட உரிமையாளராக யார் கையெழுத்திட்டிருக்கிறார், அவருக்கும் பள்ளியை நடத்தும் நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்று பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.