அபிலேஷன் என்றால் நெஞ்சைத் திறப்பதில்லை

கடலூரிலிருந்து கேட்டிருந்தீர்கள்: அம்மாவுக்கு எஸ்விடி (இதயம் திடீரென்று மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு), படபடப்பு வந்தால் துடிப்பு நிமிடத்துக்கு 180, டாக்டர் அபிலேஷன் என்கிறார், நெஞ்சைத் திறப்பார்களா என்று. திறக்க மாட்டார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் விடுவார்கள். படபடப்பை அங்கேயே வரவழைத்து, மின்சாரம் தப்பான வழியில் சுற்றும் இடத்துக்கு மட்டும் சூடு வைப்பார்கள். இதை அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மேஜையிலேயே பயந்துவிடுவார். எஸ்விடிக்குப் பெரும்பாலும் ஒரே தடவையில் சரியாகிவிடும். அபூர்வமாகப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி ஜிப்மரில் செய்கிறார்கள். படபடப்பின்போது எடுத்த ஈசிஜிதான் முக்கியம். அந்தத் தாள் நாளாக நாளாக மங்கிவிடும், ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள். அப்புறம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டரே சொல்வார்.