குதிக்கால் கழன்று வரத்தான் செய்யும்

தங்கச்சி, டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்து முதியோர் இல்லச் சமையலறையில் வேலை தொடங்கி மூன்று கிழமைதான் ஆகிறது, பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் விண் விண்ணென்று வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கூட வேலை செய்கிற டெனிஸ் பெண்கள் எல்லாரும் மரக்கட்டைச் சப்பாத்தோடு ஓடித்திரிகிறார்கள், 800 குரோணர் கொடுத்து அதை வாங்கலாமா, காலைக் கடிக்காதா என்றும் கேட்டீர்கள். வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போக முதல் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். நான் வாங்கிய முதல் சோடி ஒரு மாதம் அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. பிழை சப்பாத்தில் இல்லை, என்னில்.

நான் இங்கே வந்தது 1989இல். கடையில் போட்டு இரண்டடி நடந்து பார்த்தேன், குதிக்கால் கழன்று கழன்று வந்தது. சப்பாத்து என்றால் காலோடு ஒட்டி நிற்கவேண்டும் என்ற ஊர் எண்ணத்தில் ஒரு நம்பர் குறைத்து வாங்கினேன். இரண்டாம் நாளே பாதத்தின் மேற்பக்கத்தில் கொப்புளம். என்னோடு வேலை செய்த, ஓய்வுக்குப் போகிற வயதில் இருந்த ஒரு டெனிஸ் மனுசிதான் தன் சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்தா. "வளைத்துப் பார்" என்றா. எப்படி வளையும்? அடிப்பாகம் ஒற்றை மரத்துண்டு.

விசயம் அதுதான். சாதாரணச் சப்பாத்து, நீங்கள் அடி எடுத்து வைக்கும்போது விரல் மடிகிற இடத்தில் தானும் மடியும். இது மடியாது. மடியாத அடியில் குதிக்காலையும் இறுக்கிக் கட்டினால் நடக்கவே முடியாது. ஆகவே குதிக்கால் மேலே எழும்பத்தான் வேண்டும். அடி மடிவதற்குப் பதிலாக, முன்பக்கத்தின் அடியை வள்ளத்தின் அணியம் மாதிரி மேல்நோக்கிச் சீவியிருப்பார்கள். கால் அதில் உருண்டு முன்னே போகும். வாங்கும்போது குதிக்காலுக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கட்டும், பாதத்தின் மேற்பக்கத்தில் மட்டும் தோல் நன்றாகப் பிடிக்கட்டும். தோல் நாளடைவில் அகலத்துக்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். மரம் நீளத்துக்கு ஒரு நூல்கூடக் கொடுக்காது.

இன்னொன்று, விரலால் பிடிக்காதீர்கள். எங்கள் அப்பப்பாவிடம் ஒரு பாதக்குறடு இருந்தது. குமிழைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்விப் பிடித்தால்தான் அது காலோடு வரும். அந்த ஞாபகத்தில் நானும் இதற்குள் விரலை மடக்கி மடக்கி நடந்தேன், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. விரலை அதன்பாட்டில் விடுங்கள். முன்பக்கம் அகலமாக இருப்பதே அதற்குத்தான். முதல் கிழமை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் போடுங்கள்.

பழகிவிட்டால், சீமெந்துத் தரையில் ஏழு எட்டு மணித்தியாலம் நிற்கிறவர்களுக்கு இது நல்ல சாமான். உள்ளங்கால் வளைவுக்கு ஏற்றபடி மரத்தைக் குடைந்திருப்பார்கள், அகலமான அடி அசையாமல் தாங்கும், தரையின் குளிர் மரத்தைத் தாண்டி மேலே வராது. அந்தக் காலத்தில் டென்மார்க்கின் யூலண்ட் பகுதிக் கமக்காரர் முழுமரச் சப்பாத்துக்குள் வைக்கோலைத் திணித்து, தடித்த கம்பளிக் கால்மேசோடு சேற்றுக்குள் இறங்கினது இதற்காகத்தான். மர அடியில் தோலை ஆணியடித்துப் பொருத்துகிற இன்றைய வடிவம் அதன் வாரிசு. டெனிஸில் இரண்டுக்கும் பெயர் 'ட்ரெஸ்கோ'தான்: மரச் சப்பாத்து.

நீங்கள் வேலை செய்கிற ஊருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சனிற்றா என்ற பெயரைக் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சப்பாத்துக் கொம்பனி 1907இல் ஹேர்னிங் பக்கத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் தாதிமாரும் சமையல்காரரும் போடுகிற டான்ஸ்கோவுக்கும் மூலம் இங்கேதான். குதிரை வாங்க டென்மார்க் வந்த ஒரு தம்பதி சப்பாத்தைப் பார்த்து மயங்கி, அங்கே கொண்டுபோய் விற்று, 1990இல் தொடங்கிய கொம்பனி அது. பெயருக்கு அர்த்தமே 'டெனிஸ் சப்பாத்து'. நெடுங்காலம் அவர்களுக்குச் செய்து கொடுத்ததும் சனிற்றாதான். எழுபதுகளில் இங்கே இளம் பெடியள் பெட்டையள் எல்லாரும் இதைப் போட்டுத் திரிந்தார்களாம். இப்போது திரும்பவும் நாகரிகம் ஆகியிருக்கிறது. பிரண்டா அபிராமி அம்மன் கோவில் வாசலில் செருப்புக் குவியலுக்குள் இரண்டு சோடி ட்ரெஸ்கோவை நானே பார்த்தேன். ஒன்று என்னுடையது.

சரி, உங்களுக்கு எது? சமையலறைக்கு மர அடி வேண்டாம் என்பது என் எண்ணம். ஈரத் தரையில் எனக்கு ஒரு தடவை வழுக்கி, முழங்கை வீங்கி இரண்டு கிழமை வீட்டில் இருந்தேன். அதே வடிவில், பொலியூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்ரிக் அடியோடு, வழுக்காத வகை வருகிறது. எடை குறைவு, துடைப்பதும் சுகம். பின்பக்கம் மூடியது, அல்லது குதிக்காலுக்கு வார் உள்ளது எடுங்கள். திறந்த பின்பக்கத்தோடு படியிறங்கினால் கணுக்கால் பிரளும், சைக்கிள் மிதித்தால் சப்பாத்து றோட்டில் கிடக்கும். காசைக் கொடுக்க முதல் வேலைத்தலத்தில் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் கேளுங்கள். பாதுகாப்புச் சப்பாத்து கட்டாயம் என்று விதி இருந்தால் அதன் செலவு முதலாளியுடையது. சும்மா கால் சுகத்துக்கு என்றால் நம்முடைய காசுதான்.

மர அடி வீட்டுக்கு வாங்கினால், நனைந்ததை ஹீற்றருக்குப் பக்கத்தில் காயவைக்காதீர்கள், வெடித்துவிடும். அடியில் இருக்கிற றப்பர் தேய்ந்து மரம் தரையில் தட்ட முதல் மாற்றிவிடுங்கள். மாடி வீடு என்றால் வாசலிலேயே கழற்றுங்கள், கீழ்வீட்டுக்காரர் டொக் டொக் சத்தத்துக்குக் கதவைத் தட்டுவார்.

கடைசியாக ஒன்று, உங்கள் வேலையில் எப்படியும் காதில் விழும். நானும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த வருசம் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டோடு நான்காம் அறைக்குப் போகப் புறப்பட்டேன். "வேண்டாம், அவர் ட்ரெஸ்கோவைக் கழற்றி வைத்துவிட்டார்" என்று டெனிஸில் சொன்னார்கள். கழற்றி வைத்தால் என்ன, சாப்பிடமாட்டாரா என்று போய், இருட்டில் கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தேன், சப்பாத்து கண்ணில் படவில்லை. திரும்பி வந்து, "அங்கே ட்ரெஸ்கோ இல்லையே" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குச் சப்பாத்தை வளைத்துப் பார்க்கத் தந்த அந்த மனுசிதான் தட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, ஐயா விடியப்புறம் போய்விட்டார் என்று சொன்னா.