ஸ்விஃப்டா, பழைய சிட்டியா, ஃபார்முலாவா? முதலில் கிளாஸ், அப்புறம் கார்

கேள்வி: "அண்ணா, எனக்கு 26 வயது. ஊர் காவேரிப்பட்டணம், ஓசூரில் ஒரு கம்பெனி டூல் ரூமில் வேலை. கார் ரேஸ் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 6 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பெங்களூருவில் ரேஸுக்காகத் தயார் செய்த பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கலாமா? வீட்டில் இருக்கும் ஸ்விஃப்டையே மாற்றிக்கொள்ளலாமா? இல்லை, ஃபார்முலா பக்கம் போகலாமா? நான் ஆறடி உயரம்."

தம்பி, நீங்கள் மூன்று காரைச் சொல்லிவிட்டு எந்த கிளாஸில் ஓட்டப் போகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் அணி மூன்றாம் இடம் பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் கார் சேர்ந்திருந்த கிளாஸில் கிடைத்த மூன்றாம் இடம். அதே நேரம் அதே டிராக்கில் அதைவிட வேகமான கார்களும் மெதுவான கார்களும் தங்களுக்குள் தனித்தனியாகப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. எஞ்சின் சிசி, குறைந்தபட்ச எடை, எதையெல்லாம் மாற்றலாம், எந்த டயர் போட வேண்டும் என்பதை வைத்து கிளாஸ் பிரிப்பார்கள். விதிப்புத்தகத்துக்குள் வராத கார், எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும், ஸ்க்ரூட்டினியிலேயே, அதாவது ரேஸுக்கு முன் நடக்கும் கார் பரிசோதனையிலேயே, நின்றுவிடும். இந்த விதிகளை நம் நாட்டில் மோட்டார் ரேஸை நிர்வகிக்கும் அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகரித்து வெளியிடுகிறது. இந்த வருடத்துப் புத்தகத்தைப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ரோட்டில் ஓடும் கார்களை ரேஸுக்காக மாற்றி ஓட்டும் டூரிங் கார் பக்கம் நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ், சூப்பர் ஸ்டாக். சூப்பர் ஸ்டாக் வண்டி, கம்பெனி கொடுத்த நிலைக்கு நெருக்கமானது. டூரிங் கார்ஸில் எஞ்சினிலும் சஸ்பென்ஷனிலும் கை வைக்க இடம் அதிகம். இடம் அதிகம் என்றால் செலவும் அதிகம்; எதிராளி எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றினால் நீங்களும் மாற்றியாக வேண்டும். நீங்கள் கேட்ட ஃபார்முலா, அதாவது ஒற்றை இருக்கை பக்கம் ஃபார்முலா எல்.ஜி.பி. 1300, எல்.ஜி.பி. ஃபார்முலா 4 ஆகியவை உண்டு. முன்னதில் மாருதி எஸ்டீம் எஞ்சின், பின்னதில் ஸ்விஃப்ட் எஞ்சின். ஒவ்வொரு கிளாஸிலும் எல்லாருக்கும் ஒரே சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), ஒரே எஞ்சின், ஒரே டயர். சாதாரண மாருதி எஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கும் வழி திறந்துவிட்டவர் கோவை கரிவரதன். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த வழி இன்னும் அடைபடவில்லை. உங்களை மாதிரி ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கிளாஸைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, கடந்த சீசனில் அந்த கிளாஸில் எத்தனை கார் ஸ்டார்ட் எடுத்தது. ஐந்து காரோடு ஓடிக் கிடைக்கும் கோப்பையைவிட, இருபது காருக்கு நடுவில் பதினான்காவதாக வருவது அதிகம் கற்றுக்கொடுக்கும். கார் குறைந்துகொண்டே போகும் கிளாஸ் ஒருநாள் மூடப்பட்டால், உங்கள் வண்டியை வாங்கவும் ஆள் இருக்காது. இன்னொன்று, சீசன் முழுக்க உங்களால் அதில் தாக்குப்பிடிக்க முடியுமா என்பது. 6 லட்சத்தில் 5 லட்சத்தைக் காருக்குக் கொடுத்துவிட்டு ஒரே ரவுண்டோடு ஷெட்டில் போட்டு மூடியவர்கள் நிறைய. என் கருத்து, கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் காருக்குப் போகக் கூடாது.

மீதி எங்கே போகும் என்று கேட்பீர்கள். டயர், பிரேக் பேட், பெட்ரோல், என்ட்ரி ஃபீஸ், மெக்கானிக் கூலி, வண்டியை ஏற்றிச் செல்லும் செலவு. ரேஸ் காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். தர்மபுரி, சேலம், அவினாசி வழியாகக் கோவை போனால் இன்னும் தூரம். எடையும் வேகமும் கூடக் கூட இந்தச் செலவு எல்லாமே ஏறும். பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது உண்டாகும் சூட்டைவிட, 140லிருந்து நிறுத்தும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூடு உண்டாகும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் ஏறுவதால் வரும் விளைவு இது. ஒவ்வொரு லேப்பிலும் அந்தச் சூடு பேடையும் டிஸ்க்கையும் தின்கிறது. பவர் குறைந்த, எடை குறைந்த காரில் தொடங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்தக் காரில் வளைவில் வேகத்தை விடாமல் எடுத்துப் போகவும் பழகுவீர்கள்.

சரி, உங்கள் மூன்று காருக்கு வருகிறேன்.

சிட்டி விடெக் அருமையான வண்டி. 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். டூரிங் கார்ஸில் பல வருடம் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அந்த மாடல் நின்று 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கியர்பாக்ஸ் உடைந்தால் இன்னொரு பழைய வண்டியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். முதல் சீசனில் இருப்பவருக்கு அது வேண்டாம்.

வீட்டு ஸ்விஃப்டை ரேஸுக்காக வெட்டாதீர்கள். கார் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜைப் பற்றவைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிய பிறகு அதை ரோட்டு வண்டியாக வைத்துக்கொள்ள முடியாது. இடித்து நொறுங்கினால் வீட்டுக்கும் கார் இருக்காது. தயாரான ரேஸ் கார் ஒன்றைக் கட்ட ஆன செலவில் ஒரு பங்குதான் விற்கும்போது திரும்பி வரும். அதனால் கட்டுவதைவிட, ரேஸை விட்டு விலகுபவரிடம் வாங்குவது எப்போதும் லாபம். ஸ்விஃப்டை வைத்து ஆட்டோகிராஸ் ஓட்டுங்கள். மண் தரையில், கடிகாரத்துக்கு எதிராக, நேரத்தை மட்டும் பார்த்து ஓட்டும் போட்டி அது. பக்கத்தில் இடிக்க வேறு கார் இருக்காது. சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க விடும் டிராக் டேவுக்குக் கொண்டுபோனால் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டுப் போங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசி ஒழுங்கமைத்த ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது. தொப்பூர் கணவாயிலும் அஞ்செட்டி மலைப்பாதையிலும் பழகலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. பொது ரோட்டில் வேகப் போட்டி மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, எதிரே பால் கேனோடு வருபவருக்கு ஹெல்மெட்டும் கிடையாது, ரோல் கேஜும் கிடையாது.

எனவே என் சிபாரிசு, முதல் வருடம் கார் வாங்கவே வேண்டாம். ரேஸிங் பள்ளியில் பயிற்சி எடுங்கள், எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ் வாங்குங்கள், எல்.ஜி.பி. ஃபார்முலா வகையில் ஏதாவது ஒரு டீமில் சீட்டுக்கு வாடகை கொடுத்து ஓட்டுங்கள். கார், மெக்கானிக், லாரி எல்லாம் அவர்கள் பொறுப்பு. புதியவர்களுக்கென்றே இருக்கும் நோவிஸ் கப்பையும் விசாரியுங்கள். வாடகை பேசும்போது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: இடித்தால் யார் கட்டுவது, எவ்வளவு வரை? அதை எழுத்தில் வாங்குங்கள். வாரக் கடைசியில் பெங்களூருவில் கார்ட்டிங்கும் ஓட்டுங்கள். ஓசூரிலிருந்து அது பக்கம்தானே.

ஆறடி உயரம் சின்ன விஷயம் இல்லை. ஒற்றை இருக்கைக் காரில் முழங்கால் ஸ்டீயரிங்கில் தட்டுகிறதா, கிளட்சை முழுதாக மிதிக்க முடிகிறதா என்று ஷூவும் ஹெல்மெட்டும் போட்டு உட்கார்ந்து பாருங்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி வளைவுதான் ரோல் ஹூப்; பின்னால் உள்ள ஹூப்பின் உச்சியையும் முன் ஹூப்பின் உச்சியையும் இணைத்து ஒரு நூல் பிடித்தால், ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். தட்டினால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை, டூரிங் கார் பக்கம் திரும்புங்கள். ஹெல்மெட் வாங்கும்போது பைக் ஹெல்மெட் வேண்டாம், கார் ரேஸுக்கான தரமான ஸ்னெல் எஸ்.ஏ. முத்திரை உள்ளதை வாங்குங்கள். நெருப்பையும் ரோல் கேஜ் கம்பியில் மோதுவதையும் கணக்கில் எடுத்துச் சோதித்தது அது.

இரண்டாம் வருடம் சொந்தமாக ஒரு டூரிங் கார் பார்க்கப் போகும்போது உங்கள் டூல் ரூம் அனுபவம் கைகொடுக்கும். எஞ்சினை அப்புறம் பாருங்கள், முதலில் கேஜ். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதிப்படி மெயின் ஹூப், அதாவது சீட்டுக்குப் பின்னால் வரும் பெரிய வளைவு, தையல் (பற்றவைத்த ஒட்டு) இல்லாத, சூடாக்காமல் இழுத்துச் செய்த (கோல்ட் டிரான்) ஸ்டீல் குழாயாக, 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும், அல்லது 50க்கு 2 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்பையும், நீளவாக்கில் தையல் உள்ள பைப்பையும் வளைத்துப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. விட்டத்துக்கு வெர்னியர் போதும். தடிமனுக்கு அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டர் வைத்திருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் ஆளைக் கூட்டிப்போங்கள். பற்றவைப்பு குழாயைச் சுற்றி முழுதாகப் போயிருக்கிறதா, கூரைப் பக்கம் கை போகாத இடத்தில் விட்டிருக்கிறார்களா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். கேஜ் தேறவில்லை என்றால் எஞ்சினைத் திறக்கச் சொல்லாமலே கிளம்பிவிடுங்கள். தேறினால், சீட்டிலும் பெல்ட்டிலும் இருக்கும் லேபிளில் காலாவதி வருடத்தைப் படியுங்கள். தேதி தாண்டியிருந்தால் இரண்டையும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். அந்தத் தொகையை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.