கதைமாந்தர் மீது பார்வையாளருக்கு ஏன் ஒட்டுதல் வருவதில்லை? – கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பகுதியில் சிறுகதையும் குறும்படமும் எழுதிவரும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, திரைக்கதைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி இப்போது காரைக்குடியில் வசிக்கும் நம் உறுப்பினர் எழுதியனுப்பிய விடைகள் இவை. கேள்விகள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி (கானாடுகாத்தான், குறும்பட இயக்குநர்): வணக்கம் ஐயா. பெரிய வீட்டில் தனியாக வாழும் ஓர் ஆச்சியைப் பற்றி இருபது நிமிடப் படம் எடுத்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆச்சி அவர்களுடைய புகைப்படத்தைப் பார்த்து அழுகிறார், கோயிலில் அழுகிறார், தொலைபேசியில் பேசிவிட்டு அழுகிறார். திரையிட்டபோது யார் கண்ணும் கலங்கவில்லை. 'ஒளிப்பதிவு அருமை' என்று மட்டும் சொன்னார்கள். குறை எங்கே இருக்கிறது?

பதில்: 'ஒளிப்பதிவு அருமை' என்பது நம் ஊர்ப் பக்கம் மரியாதை குறையாமல் சொல்லப்படும் எதிர்மறைத் தீர்ப்பு, அதை நீங்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஆச்சி மூன்று முறை அழுகிறார். ஆனால் இருபது நிமிடங்களில் ஒரு முறைகூட அவர் எதையும் வேண்டி முயலவில்லை.

துன்பத்தைக் கண்டால் மனம் இரங்கும் என்பது உண்மைதான். தொல்காப்பியர், உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியலில், இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை என அழுகை பிறக்கும் இடங்கள் நான்கைச் சொல்கிறார். உங்கள் படத்தில் அவற்றுள் குறைந்தது இரண்டு இருக்கின்றன. இருந்தும், பார்த்த மாத்திரத்தில் பிறக்கும் இரக்கம் இரண்டு நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. இருபதாவது நிமிடம் வரை பார்வையாளர் கூடவே வரவேண்டுமானால், அந்த ஆச்சிக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். அது ஆகுமா ஆகாதா என்று பார்ப்பவரும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காரியத்தை நீங்கள் எங்கோ போய்த் தேட வேண்டியதில்லை, படம் எடுத்த வீட்டிலேயே இருக்கிறது. வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது பங்காளிகளுள் ஒவ்வொரு குடும்பத்துக்கு, உரியவை. பெரும்பாலானவை பூட்டியே கிடப்பவை. ஆச்சியின் அறைக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகுகிறது என்றும், ஐப்பசி மழைக்கு முன் அதை மாற்றியாக வேண்டும் என்றும், கூரை பொதுவில் இருப்பதால் பங்காளிகள் அத்தனை பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். ஒருவர் சென்னையில் இருந்துகொண்டு அழைப்பை எடுப்பதே இல்லை. மூன்றாமவர், "எதுக்குப் பெரியாத்தா செலவு, பேசாம வித்துருவோம்" என்கிறார். இப்போது அதே தொலைபேசிக் காட்சியை எடுங்கள். நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிவைத்த எண்ணைப் பக்கத்து வீட்டுப் பையன் அழுத்திக் கொடுக்கிறான். பேசி முடித்ததும் ஆச்சி கைப்பேசியை முந்தானையால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கிறார். இரவில் மழை வருகிறது. அண்டாவைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்துவந்து ஒழுகும் இடத்தில் வைத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு பட்டாலைக்கு (கூடத்துக்கு) போகிறார். இதில் அழுகை எங்குமே இல்லை; இருந்தால் கெட்டுவிடும். அவருக்காக அரங்கில் இருப்பவர்கள் கோபப்படத் தொடங்குவார்கள். ஒட்டுதல் பெரும்பாலும் அந்தக் கோபத்தில்தான் பிறக்கிறது.

கேள்வி (தேவகோட்டை): கதைநாயகன் தொடக்கத்திலேயே ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும், அப்போதுதான் பார்வையாளர் அவன் பக்கம் சேர்வார் என்று ஆங்கிலத் திரைக்கதை நூல்களில் படித்தேன். இது கட்டாய விதியா?

பதில்: அமெரிக்கரான பிளேக் ஸ்னைடர் 2005இல் வெளியிட்ட நூலில் இதற்குப் 'பூனையைக் காப்பாற்று' என்று பெயர் சூட்டினார், அதன்பின் பூனையைக் காப்பாற்றாத நாயகர்களே குறைந்துபோனார்கள். விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இதை நேர்மாறாகச் செய்து காட்டியிருக்கிறார்.

புகார்க் காண்டத்தில் நாம் காணும் கோவலன் மனைவியைப் பிரிந்தவன், குலம் தந்த பொருளைத் தொலைத்தவன். அவனைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பிறகு, மதுரையின் புறஞ்சேரியில், அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் வந்து பழைய செய்திகளைச் சொல்கிறான்: மதயானையின் கையில் அகப்பட்ட முதியவர் ஒருவரைக் கோவலன் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் பாய்ந்து மீட்டான், கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் துயரைத் தன் பொருளைக் கொடுத்துத் தீர்த்தான். இவற்றைக் கேட்டு முடித்த அடுத்த காதையிலேயே, கொலைக்களக் காதையில், கோவலன் வெட்டுண்டு இறக்கிறான்.

இதே செய்திகள் காப்பியத்தின் தொடக்கத்தில் வந்திருந்தால் வெறும் அறிமுகமாகப் போயிருக்கும். தாமதமாக வருவதால், அவனைக் குறைத்து எடைபோட்டுவிட்டோமே என்ற உறுத்தல் நமக்கு உண்டாகிறது. அதைச் சரிசெய்ய அவகாசமும் இல்லை. ஆகவே நற்செயல் வேண்டுமா என்பதைவிட, அது எந்த இடத்தில் வரவேண்டும், அதைச் செய்பவனுக்கு என்ன இழப்பு நேரிடும் என்று யோசியுங்கள். கிழவியைச் சாலை கடக்க வைக்கும் நாயகனுக்கு அதில் பேருந்துகூடத் தவறுவதில்லை. அதனால்தான் அந்தக் காட்சி விளம்பரம் போல இருக்கிறது.

கேள்வி (அவரே): நன்றி ஐயா. இன்னொன்றும் கேட்கிறேன். என் கதையில் நாயகனின் தங்கை இடைவேளையில் இறந்துபோகிறாள். படித்தவர்கள் 'ஓகோ' என்று அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள்.

பதில்: அதே கொலைக்களக் காதையின் முற்பகுதியைப் பாருங்கள். இளங்கோவடிகள் உடனே கொலைக்குப் போகவில்லை, சமையலுக்குப் போகிறார். ஆயர்பாடியில் அடைக்கலம் தந்த மாதரி கொடுத்த காய்களைக் கண்ணகி அரிவாளில் அரிகிறாள். பழக்கமில்லாத விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, அடுப்புப் புகையில் கண் சிவக்கிறது. குமரி வாழையின் குருத்தை விரித்து உணவு படைக்கிறாள். கோவலன் உண்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு, அவளை அருகில் அழைத்துத் தன் தவறுகளையெல்லாம் எண்ணி வருந்துகிறான். அதன் பிறகே சிலம்போடு கிளம்புகிறான். அன்றுதான் தொடங்கிய ஒரு குடித்தனம் அன்றே முடிவதால், இழந்தது என்ன என்று தனியாக எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை கவிஞருக்கு இல்லை.

உங்கள் தங்கை அடுத்த வாரம் என்ன செய்வதாக இருந்தாள்? கதையில் அதற்கு விடை இல்லையென்றால் அவள் வெறும் காரணமாகத்தான் இறக்கிறாள். நாயகன் பழிவாங்கக் கிளம்புவதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது, அவ்வளவே. வாசகர் அதை உடனே கண்டுகொள்கிறார். பாதி தைத்த ரவிக்கையோ, அண்ணனிடம் வாங்கித் திருப்பித் தராத நூறு ரூபாயோ, ஏதாவது ஒன்று அவளால் முடிக்கப்படாமல் நிற்கட்டும்.

கேள்வி (பள்ளத்தூர், கல்லூரி மாணவி): பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர்களைப் பற்றி நாவல் எழுதுகிறேன். கடனுக்கு நிலத்தை எடுத்துக்கொண்ட ஒருவரை வாசகர் எப்படி விரும்புவார்? அவரை நல்லவராக மாற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. விரும்புவதும் அக்கறை கொள்வதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இவர் என்ன செய்யப்போகிறார் என்ற பதைப்பு வாசகருக்கு இருந்தால் போதும்.

இந்த ஊரில், அதாவது 1939இல் கம்பன் கழகம் தோன்றிய காரைக்குடியில், கும்பகருணனைப் பற்றிப் பேசாமல் இதற்கு விடை சொல்வது சரியாக இராது. அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும். அவையிலேயே சொல்லியும் விடுகிறான். வீடணன் வந்து இராமன் பக்கம் அழைக்கும்போது, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்துவிட்டவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்கிறான். அவன் நியாயத்தின் பக்கம் நிற்கவில்லை. எந்தக் கடனுக்காக நிற்கிறான் என்பதை மட்டும் கம்பர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடுகிறார். கேட்பவர் அவனோடு உடன்படாமலேயே அவனுக்காகக் கலங்குகிறார்.

உங்கள் களத்துக்கு வருவோம். 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே செட்டியார் நிறுவனங்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன்கள் திரும்பாமல், அடமானம் வைத்த நிலங்கள் கைமாறியதால் 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. இந்தக் கணக்கு நாவலுக்கு முதுகெலும்பாக இருக்கலாம். ஆனால் விழுக்காட்டுக்காக யாரும் இரவு கண்விழித்துப் படிக்கமாட்டார்கள். முதலாளியை விட்டுவிட்டுப் பெட்டியடிப் பையனிடமிருந்து (வட்டிக்கடையின் கடைநிலைப் பணியாளிடமிருந்து) தொடங்கிப் பாருங்கள். மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறி வந்தவன். தவணை முடிவதற்குள் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தால்தான் ஊரில் தங்கை கலியாணம் நடக்கும். காய்ச்சலில் கிடந்தபோது அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த உழவரின் பற்றுக் கணக்கைப் பேரேட்டில் கூட்டி முடிக்கச் சொல்கிறார் மேலாள். பையன் கூட்டுகிறான். எங்காவது பிசகியிருக்காதா என்று மறுபடியும் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்க்கிறான். தொகை சரியாகவே வருகிறது. அவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியை அந்த இரண்டாவது கூட்டலுக்குப் பிறகு எந்த வாசகரும் உங்களிடம் கேட்கமாட்டார்.

கேள்வி (புதுவயல்): நாயகனின் சிறுவயதுத் துயரத்தைப் பின்னோக்குக் காட்சியாக எவ்வளவு நேரம் காட்டலாம்?

பதில்: அவனுடைய பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்வையாளரே ஏங்கும் வரை ஒரு நிமிடம்கூடக் காட்டாதீர்கள். ஏங்கிய பிறகும் தேவையானதில் பாதியைக் காட்டினால் போதும்.

கேள்வி (ஆத்தங்குடி): எங்கள் ஊர்ப் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) செய்யும் தொழிலாளிதான் என் படத்தின் நாயகர். வேலையைக் காட்டினால் ஆவணப்படம் போல இருக்கிறது, சலிப்புத் தட்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் நண்பர்களுக்காக நாயகரின் கையில் அரிவாளைக் கொடுத்துவிடாதீர்கள். கைதேர்ந்த ஒருவர் தம் வேலையைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க மனிதர்களுக்கு அலுப்பதில்லை. ஒரு பாத்திரத்தை மதிக்க வைப்பதற்கு அதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைச் சிறிதும் கலங்காமல் தூக்கும் அந்த நொடியில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சலிப்புத் தட்டுவது எப்போதென்றால், அந்தக் கல் சரியாக வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்ற நிலை இருக்கும்போதுதான். கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் காயவைக்கும் நாட்களைக் கணக்கிட்டால், சொன்ன தேதிக்குக் கொடுக்க இன்றே வார்த்தாக வேண்டும் என்றும், இன்று அவர் கை நடுங்குகிறது என்றும் வையுங்கள். முதல் காட்சியில் நடுங்காத கையை நிதானமாகக் காட்டியிருந்தால், இந்த நடுக்கத்தை விளக்க வசனமே தேவைப்படாது.

கேள்வி (காரைக்குடி, நடிகர்): உருக்கமான காட்சியில் நான் முகத்தில் எவ்வளவு காட்டினாலும் இயக்குநர் 'குறை, குறை' என்கிறார். பின்னணி இசையையும் ஏற்றிவிடுகிறார். எது சரி?

பதில்: உங்களிடம் குறைக்கச் சொன்னதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, இசையில் அதே நியாயத்தை அவர் கடைப்பிடிக்கவில்லை. ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் செய்த சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நடிகரின் மாறாத முகத்தை ஒரு தட்டு சூப்புக்கு அடுத்தும், ஒரு சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் ஒரே முகத்தில் ஒருமுறை பசியையும் மறுமுறை துயரத்தையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. முன்னால் வந்த காட்சிகள் தம் வேலையைச் செய்திருந்தால் உங்கள் முகம் சும்மா இருந்தாலே போதும். அவை செய்யாதபோது இசையை எவ்வளவு ஏற்றினாலும் காதுதான் வலிக்கும்.

கேள்வி (கண்டனூர்): என் நாயகி எந்தத் தவறும் செய்யாதவள். அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. என் அம்மாவை நினைத்து எழுதியது என்பதால் குறை வைக்க மனம் வரவில்லை.

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது. குறை என்று எண்ணாமல் பிடிவாதம் என்று எண்ணி எழுதிப் பாருங்கள். மருமகள் வைத்த குழம்பில் யாருக்கும் தெரியாமல் உப்புப் போடும் ஒரு மாமியாரை எல்லோருக்கும் தெரியும். அம்மாவும் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி (கோட்டையூர்): எழுதி முடித்த திரைக்கதையில் ஒட்டுதல் இருக்கிறதா என்று படப்பிடிப்புக்கு முன்பே சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, செலவும் இல்லை. கதையைப் பாதி வரை மட்டும் ஒருவருக்கு வாய்மொழியாகச் சொல்லுங்கள். உறவினராக இல்லாமல் இருந்தால் நல்லது. நிறுத்திவிட்டு, 'பிடித்ததா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்தது என்றே சொல்வார்கள். 'இனி என்ன நடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். உடனே ஒரு விடை வந்தால், அந்தப் பாத்திரத்தின் மேல் அவருக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. யோசித்துவிட்டு 'நீங்களே சொல்லுங்களேன்' என்றால், அவர் அதுவரை கதையை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பின்பாதியில் கைவைக்காமல் முதல் பத்துப் பக்கங்களைத் திறந்து, உங்கள் பாத்திரம் முதன்முதலில் எதை வேண்டி எழுந்து நடக்கிறது என்று தேடுங்கள். அது ஆறாம் பக்கத்துக்குப் பின்னால் இருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு வேறொருவரிடம் சொல்லிப் பாருங்கள். அதே ஆளிடம் மறுபடியும் சொன்னால் அவர் உங்களுக்காக உச்சுக் கொட்டுவார்.