ஐகான் வரைவது எப்படி? தண்டையார்பேட்டை அக்காவின் பதில்கள்

ஐகான் வரைவதைப் பற்றி நம் பகுதிப் பிள்ளைகள் நிறையக் கேட்டிருந்தீர்கள். எனக்குக் கைவந்த வழியைச் சொல்கிறேன்.

காசிமேட்டிலிருந்து: அக்கா, அம்மா வீட்டிலிருந்தே மீன் ஆர்டர் எடுக்கிறார். வாட்ஸ்அப் படத்துக்கு வஞ்சிரம் வரைந்தேன், குச்சி மாதிரி இருக்கிறது. ஏன்?

வஞ்சிரம் நீளமான மீன் தம்பி. சதுரத்துக்குள் அடக்கினால் மேலும் கீழும் வெறும் இடம்தான் மிஞ்சும். வாட்ஸ்அப் அந்தச் சதுரத்தையும் வட்டமாகத்தான் காட்டும். வவ்வால் மீனை வரை. உடம்பு அகலம், துடுப்பு மேலும் கீழும் பின்னால் சாய்ந்திருக்கும், வால் பிளந்திருக்கும். முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் நம் ஊர்க்காரர் யாரும் வவ்வால் என்று சொல்லிவிடுவார். செதிலெல்லாம் வேண்டாம், கண் ஒன்று போதும்.

திருவொற்றியூரிலிருந்து: எந்த மென்பொருளில் தொடங்குவது?

இங்க்ஸ்கேப். இலவசம். ஆனால் அதற்கு முன்னால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். 1984-இல் வந்த ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் கணினிக்கு சூசன் கேர் என்ற வடிவமைப்பாளர் ஐகான்களை அப்படித்தான் கட்டத்தாளில் வரைந்து பார்த்தார். 32-க்கு 32 கட்டம், கறுப்பு வெள்ளை மட்டும். ஒரு கட்டம் என்பது திரையில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல். நான் அதற்கும் சிறிதாக, 16-க்கு 16-இல் தொடங்குவேன். பெரிதாக வரைந்து சுருக்கினால் எதை விடுவது என்றே தெரியாமல் போகும். சிறிதாகத் தொடங்கினால் தேவையில்லாதது உள்ளேயே வராது.

வியாசர்பாடியிலிருந்து: எங்கள் கால்பந்து அணியின் பெயர் 'ண'வில் முடிகிறது. அந்த எழுத்தையே ஐகானாக வைக்கலாமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. தமிழ் எழுத்தை ஐகானாக்க ஆசைப்படுகிறவர்கள் குறைவு. ஆனால் எல்லா எழுத்தும் ஒன்றில்லை. ட, ப இரண்டும் நேர்க்கோடுகள், 16 பிக்சலிலும் கத்தி மாதிரி நிற்கும். மூன்று சுழி 'ண'வில் ஒவ்வொரு சுழிக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் விடவேண்டும். தடித்த எழுத்தாகப் போட்டால் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். கோட்டை மெலிதாக்கி, சுழிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். அதற்காக ஒரு சுழியைக் குறைத்துவிடாதீர்கள், அப்புறம் அது 'ன' ஆகிவிடும். பெயரின் முதல் எழுத்து எளிதானதாக இருந்தால் அதையும் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

எண்ணூரிலிருந்து: கோடு கறுப்புதான் போட்டேன், திரையில் சாம்பலாக மங்குகிறது.

ஒரு பிக்சல் கோடு இரண்டு பிக்சல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் பாதிப் பாதியாக நிறத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். கோட்டை 0.5 பிக்சல் நகர்த்துங்கள், சரியாகிவிடும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: ஆண்ட்ராய்டில் என் செயலியின் ஐகான் ஓரம் வெட்டுப்படுகிறது.

ஒவ்வொரு போனும் வட்டம், சதுரம் என்று அதன் இஷ்டத்துக்கு வெட்டும். 108-க்கு 108 பரப்பில் முக்கியமானதை நடுவில் 66-க்குள் வையுங்கள். பின்னணி நிறம் மட்டும் ஓரம்வரை போகட்டும்.

ராயபுரத்திலிருந்து: உங்கள் ஐகான்களில் கோடு எப்போதும் தடிமனாகவே இருக்கிறதே, எங்கே பழகினீர்கள்?

அப்பாவிடம். படகுகளுக்கு எனாமல் பெயிண்டில் பெயர் எழுதுவார். கடலில் தூரத்திலிருந்து படிக்கவேண்டிய எழுத்து அது. இரண்டு எழுத்து எழுதியதும் தூரிகையை வைத்துவிட்டு இருபது அடி பின்னால் நடந்து போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து ஒரு இடத்தில் தடிமன் கூட்டுவார். நானும் வரைந்ததைப் போனில் போட்டு, மேசையில் சாய்த்துவைத்துவிட்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய்விடுவேன். அப்புறம் மொட்டைமாடியில் உச்சி வெயிலில் ஒருமுறை. பெயிண்டர் வீட்டுப் பிள்ளை என்பதாலோ என்னவோ, நிறமும் மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை.

மறுபடி காசிமேடு: அக்கா, வவ்வால் வரைந்து அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது தம்பி. வால் பிளவை இன்னும் ஒரு கட்டம் ஆழமாக வெட்டு. கண்ணை வாய்ப்பக்கம் ஒரு கட்டம் தள்ளு. பின்னணிக்கு வெளிர்நீலம் வேண்டாம், வெயிலில் மீனோடு கலந்துவிடும். மஞ்சள் போட்டு அனுப்பு.