அக்காவின் கையெழுத்து எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன் நான், வயது 21. மருந்தாளுநர் ஆவதற்கான பார்ம்டி பட்டம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். ஆறு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தே போய்வரலாம். இன்னொன்று வேறு மாநிலத்துத் தனியார் கல்லூரி. தரவரிசையில் மேலே இருக்கிறது, புதுக் கட்டடங்கள், மூன்றே வருடத்தில் முடித்துவிடலாம். செலவு அதிகம்தான். ஆனால் வங்கிக் கடனுக்கு அக்கா சேர்ந்து கையெழுத்துப் போடுகிறாள். வீடு வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்வாள், ஒன்றும் சொல்லமாட்டாள். எந்தக் கல்லூரிக்குப் போகலாம்?

பதில்: தம்பி, இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உன் கடிதத்தில் புதுக் கட்டடங்களுக்கு ஒரு பத்தியே இருந்தது. அக்காவுக்கு இரண்டு வரி. அவளுக்கு என்ன வயது, வீட்டுக்காக எத்தனை வருடமாகச் சேர்த்தாள், அந்த வீட்டில் யாரோடு வாழ நினைத்தாள், ஒன்றுமே எழுதவில்லை. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்பது மட்டும் உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சொல்லமாட்டாள் என்று தெரிந்துகொண்டே கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சேர்ந்து போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து அல்ல. நீ தவணை தவறினால் வங்கி நேரே அவளிடம் வரும், முழுப் பணத்துக்கும் வரும். நீ ஒழுங்காகக் கட்டினாலும் அந்தக் கடன் அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் நிற்கும். நாளைக்கு அவள் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாயே, அந்த அப்புறம் எப்போது வரும் என்று யோசித்தாயா?

அந்தக் கையெழுத்து எதற்குத் தேவைப்படுகிறது என்று பார். மத்திய அரசின் மாணவர் கடனுக்கு உன் பெயர் போதும், வேறு யாரும் வேண்டாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு படிப்புச் செலவு முழுவதற்கும் அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. பார்ம்டி போன்ற தொழிற்படிப்புகளுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்துகொண்டு, சொந்த மாநில மாணவருக்கான கட்டணத்தில் படித்தால் பெரும்பாலும் அதற்குள் சமாளிக்கலாம். மூன்று வருடப் படிப்பு என்றால் நான்கு வருடப் பாடத்தை மூன்றில் அடைக்கிறார்கள், ஒவ்வொரு வருடத்துச் செலவும் ஏறுகிறது. வரம்புக்கு மேலே போகும் பணத்துக்குத்தான் தனியார் வங்கி. அந்த வங்கிக்குத்தான் உன் அக்கா. ஆக, நீ கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அவள் வீட்டைப் பற்றியும் முடிவெடுத்துவிடுகிறாய்.

தரவரிசை என்கிறாய். யு.எஸ். நியூஸ் நிறுவனத்தின் பட்டியலைத்தான் சொல்கிறாய் என்றால், அது மற்றக் கல்லூரிகளின் டீன்களிடமும் பேராசிரியர்களிடமும் அபிப்பிராயம் கேட்டுப் போடுவது. மாணவர்கள் உரிமத் தேர்வில் தேறினார்களா, நேரத்துக்குப் படிப்பை முடித்தார்களா என்பது அதில் கணக்கில் வராது. உனக்கு வேண்டியதோ அந்த இரண்டும்தான். நாப்ளெக்ஸ் என்கிற அந்த உரிமத் தேர்வில் தேறாமல் எந்த மாநிலத்திலும் மருந்தாளுநர் உரிமம் கிடையாது. 2024-ல் அதை முதல் முறை எழுதியவர்களில், நாடு முழுக்க எடுத்தால், ஐந்தில் ஒருவருக்கு மேல் தேறவில்லை. கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை நாப்ளெக்ஸை நடத்தும் அமைப்பே வெளியிடுகிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்பதையும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். இரண்டையும் கடைசி மூன்று வருடத்துக்கு எடுத்துப் பார். பாதியில் ஒரு வருடம் திரும்பப் படிக்க நேர்ந்தால் கடன் மட்டும் காத்திருக்காது. பார்மசிப் படிப்புகளை மதிப்பிடும் ஏ.சி.பி.இ. அமைப்பு தந்திருக்கும் அங்கீகாரம் முழுமையானதா, கடைசி வருடப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள், அதையும் கேள். புதுக் கட்டடம் உனக்கு நாப்ளெக்ஸ் எழுதித் தராது.

இன்னொன்று. பார்மசிக்கு விண்ணப்பிப்பவர்கள் பல வருடங்களாகக் குறைந்துவிட்டார்கள், இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. பார்மசிக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான பிகேட்டையே 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்தத் தனியார் கல்லூரி உன்னை அழைத்தால் பூரித்துப் போகாதே. அவர்களுக்கும் மாணவர் தேவை.

உன் அப்பா அம்மாவையும் கேட்கிறேன். ஒரு பிள்ளையின் படிப்புக்கு இன்னொரு பிள்ளையின் வீட்டுக் கனவைத் தள்ளி வைக்கும்போது வீட்டில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையா? சம்பாதிக்கும் பெண் வீட்டுக்குப் பொதுச்சொத்து என்று நினைக்கும் வழக்கத்தை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். உடன்பிறந்தவர்கள் உதவிக்கொள்ள வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அக்காவுக்குத் தம்பியிடம் கடமை இருந்தால், தம்பிக்கும் அக்காவிடம் உண்டு.

உன் மாநிலக் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பி. அதன் தேர்ச்சி விகிதம் மோசமாக இருந்தால் மட்டும் வேறு அரசுக் கல்லூரிகளைப் பார். தனியார் கல்லூரியை விட மனசில்லை என்றால் அங்கேயும் போடு. இடம் கிடைத்ததும், முன்பணம் கட்டும் முன்னால், உதவித்தொகை எவ்வளவு தருவீர்கள் என்று எழுத்தில் கேள். அதைக் கழித்தபிறகும் தனியார் கடன் தேவைப்பட்டால் அந்தக் கல்லூரியை விட்டுவிடு. இந்த வாரமே அக்காவிடம் போய், கையெழுத்து வேண்டாம், நீ வீடு பார் என்று சொல். அவள் பரவாயில்லை என்பாள். ஒத்துக்கொள்ளாதே.