இசைத்தாளில் ஒளிந்திருக்கும் அடையாளம்

கேள்வி: தியாகராஜர் கீர்த்தனைகளை மேற்கத்திய ஐந்துகோட்டு முறையில் எழுதி, கீபோர்டில் இடக்கைக்குரிய துணைச் சுரங்களையும் நானே அமைத்து, பிடிஎஃப் கோப்பாகப் புலனம் வழி விற்று வருகிறேன். என்னிடம் வாங்காத ஒரு பஜனைக் குழுவினர் அதே தாள்களின் நகலை வைத்து வாசிப்பதை அண்மையில் பார்த்தேன். டிஜிட்டல் நீர்க்குறி இதைத் தடுக்குமா? வாசிப்பவருக்கு அது இடைஞ்சலாக இருக்காதா?
– இசையாசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: நீர்க்குறி என்பது கோப்பில் பதிக்கும் அடையாளக் குறி. அது நகலெடுப்பதைத் தடுக்காது, எவருக்கு விற்ற தாளிலிருந்து அந்த நகல் கிளம்பியது என்பதை மட்டும் காட்டிக்கொடுக்கும். ஆகவே, வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறியிட்ட கோப்பை அனுப்பினால்தான் அதனால் பயன் உண்டு.

நிழற்படத்தில் வண்ணங்களைச் சற்றே கூட்டிக் குறைத்துக் குறியை ஒளித்துவிடலாம். இசைத்தாளிலோ கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமில்லை. அதனால், ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் கழகத்தினர் உள்ளிட்ட ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதற்கென்றே தனி வழிகளை ஆராய்ந்தனர். கோடுகளின் சில பகுதிகளை மயிரிழையளவு தடிப்பாக்குவது, சுரக்குறிகளின் இடைவெளியைச் சிறிது மாற்றுவது போன்றவை அவ்வழிகள். சுரக்குறியை மேலும் கீழும் நகர்த்துவது ஆபத்து. கோட்டிலிருந்து இடைவெளிக்கு ஏறினால் சுரமே மாறிவிடும். பக்கவாட்டில் நகர்த்தும்போதும், இரு கைகளும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டிய குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகவே நிற்க வேண்டும். இந்த வரம்புக்குள் செய்தால் வாசிப்பவரின் கண் அதை உணராது. நகல் இயந்திரம் கோடுகளின் தடிப்பை மாற்றிவிடுமாதலால், ஒரே தகவலைப் பக்கம் முழுவதும் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பதிப்பார்கள்.

ஆனால், யாரேனும் உங்கள் தாளைப் பார்த்துச் சுரங்களை வேறு மென்பொருளில் புதிதாக உள்ளிட்டுவிட்டால், எந்த மறைகுறியும் எஞ்சாது. ஆகையால் உங்கள் நிலைக்கு, வெளிப்படையான குறியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வாங்கியவரின் பெயரையும் தேதியையும் பக்கத்தின் அடியில் மட்டும் இட்டால் எளிதில் வெட்டிவிடுவார்கள். இரண்டு கோட்டுத் தொகுதிகளுக்கு நடுவிலும் மெல்லிய எழுத்தில் இடுங்கள். கோப்பின் உள்விவரங்களில் மட்டும் பெயரைச் சேர்ப்பது போதாது. அச்சிட்டவுடன் அது தொலைந்துவிடும்.

தியாகராஜர் 1847-இல் மறைந்தவர் என்பதால் கீர்த்தனைகள் எல்லாருக்கும் பொது. நீங்கள் சொந்தமாக உழைத்து அமைத்த வடிவமோ, மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் பாதுகாப்புப் பெறும். பதியாவிட்டாலும் உரிமை உண்டு. எனினும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்ப அறிவிப்புச் செய்து வைத்தால், வழக்கு வரும்போது அது சான்றாக உதவும். இப்போதைக்கு அந்தக் குழுவின் பொறுப்பாளரை நேரில் சந்தித்து, தாள் எவ்வழி வந்தது என்று கேளுங்கள். குழு முழுமைக்கும் பொருந்தும் ஒரு விலையையும் சொல்லுங்கள். தனி ஆளுக்கு மட்டுமே விலை வைத்திருந்தால், பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் நகலெடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்காது.